வாயில் முள் படாத மீன்

ஆறுமுகத்தாய் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆற்றில் தூண்டில் போடுகிறாள் என்று தெருவே நம்பிக்கொண்டிருந்தது. ஒன்றரை வருஷத்தில் அவள் ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை என்ற விஷயம் அவளுக்கும், வலைக்காரர் பெருமாள்ராஜுக்கும் மட்டும்தான் தெரியும். இரண்டு பேருமே வாயைத் திறக்கிற ரகம் இல்லை. அதனால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்ரீவைகுண்டத்தில் அணைக்கட்டுக்குப் போகிற பாதையை ஒட்டிய தெருவில் அவள் வீடு. நாற்பத்தாறு வயது. திங்கள் முதல் சனி வரை வாழைத்தோட்டத்தில் வேலை. பக்கக்கன்று அறுப்பது, சருகு கழிப்பது, குலை தள்ளியதும் பூ ஒடிப்பது. நடவு நேரத்தில் வயல். விடியுமுன் எழுந்து சோறு பொங்கி, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினால், சாயங்காலம் வந்து மறுபடியும் அடுப்புதான். புருஷன் சங்கிலிபூதத்தான் வாழைத்தார் மண்டியில் சுமை ஏற்றுகிறவன். நல்ல மனுஷன், குறை சொல்லக் கூடாது. கை நீட்ட மாட்டான். குடிப்பதும் பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் மட்டும். ஆனால் வீட்டில் இருந்தால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை 'ஏட்டி' என்று கூப்பிடாமல் அவனால் இருக்க முடியாது. துண்டு எங்கே, தீப்பெட்டி எங்கே, சார்ஜர் எங்கே. எல்லாம் அவன் கைக்கெட்டிய தூரத்தில்தான் கிடக்கும். 'ஏட்டி' என்று சொல்லாமல் அவனுக்குக் கண் தெரியாது.

பெருவெள்ளம் வந்த மார்கழியில் அவர்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்தபோது சேற்றோடு சேர்த்து ஆறு என்னென்னவோ சாமான்களை இறக்கிவிட்டுப் போயிருந்தது. யார் வீட்டுக் குடமோ ஒன்று, ஒற்றைச் செருப்பு, பாதிக் கதவு. அடுப்படி மூலையில் ஒரு தூண்டில் கம்பு. நல்ல மூங்கில். தங்கூசி என்கிற நைலான் நரம்பும், சிவப்பு ரப்பர் செருப்பை வெட்டிச் செய்த தக்கையும், முள்ளும் குலையாமல் அப்படியே இருந்தன. கம்பைத் தேடி யாரும் வரவில்லை. பத்து நாள் அவள் சேறு வழித்துக் கொட்டினாள். பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, எங்கேயாவது போய்க் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்று தோன்றியது. யாரோடும் பேச வேண்டாம், எதையும் செய்ய வேண்டாம். உட்கார்ந்தால் போதும்.

ஒரு பொம்பளை எங்கே போய் உட்காருவது? கோயிலில் உட்கார்ந்தால் என்ன கஷ்டம் என்று கேட்பார்கள். வாசலில் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக்காரி வந்து கூட உட்காருவாள். ஆற்றுக்குப் போனால் குடம் எங்கே, துணி எங்கே என்பார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் ஆற்றங்கரையில் தனியாக உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்தால் ஊர் முதலில் பயப்படும், அப்புறம் வீட்டுக்கு ஆள் அனுப்பும். ஆம்பளைகளுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. பாலத்துச் சுவரில் காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எதற்கு உட்கார்ந்திருக்கிறாய் என்று அவர்களை இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. இதை நினைத்தபோது ஆறுமுகத்தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலோடுதான் மூலையில் கிடந்த கம்பைக் கையில் எடுத்தாள்.

கம்பு போட்ட போடில் தெரு வாயை மூடிக்கொண்டது. "மீனுக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆமா" என்றாள் இவள். அதோடு சரி.

அணைக்கட்டுக்கு மேற்கே, தண்ணீரில் மிதக்கிற அமலைச்செடி ஒதுங்கிக் கிடக்கிற வளைவில் ஒரு மருதமரம் நின்றது. அதன் வேரில் உட்கார்ந்து, மண்புழுவைக் கோத்து எறிந்துவிட்டு, தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் அரை மணி நேரம் எல்லாக் கவலையும் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றது. மகள் கலைச்செல்விக்கு இரண்டாவதும் பெண், அவள் மாமியார் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். வெள்ளத்தில் ஊறிய சுவர் எந்த நேரம் விழுமோ. முதுகு வலி. அவள் எதற்கும் பதில் சொல்லவில்லை. கண்ணைத் தக்கையை விட்டு எடுக்கவும் இல்லை. பதில் கிடைக்காத கவலைகள் நின்று நின்று அலுத்துப்போய் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கடைசியில் தண்ணீரும் ஒரு துண்டுச் சிவப்புச் செருப்பும் மட்டும் மிச்சம் இருந்தன.

அப்போது அவளுக்கு அழுகை வந்தது. துக்கத்தில் வந்த அழுகை இல்லை. இது இங்கேதானே இருந்திருக்கிறது, இத்தனை வருஷம் எனக்கு ஏன் யாரும் கொடுக்கவில்லை என்ற கோபத்தில் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குளிக்கப் போன இரண்டு பேர் அவள் கையில் இருந்த கம்பைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்து, அடிமேல் அடி வைத்துத் தாண்டிப் போனார்கள். பேசினால் மீன் ஓடிவிடுமே! அவளுக்கென்று இதுவரை யாரும் குரலைத் தாழ்த்தியதில்லை. தூண்டிலுக்குத் தாழ்த்தினார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு மீன் கொத்தியது. தக்கை துள்ளியது. இழுக்க வேண்டும், எழுந்திருக்க வேண்டும், மீனைக் கழற்ற வேண்டும், மறுபடியும் புழுக் கோக்க வேண்டும். 'சவமே, நீயும் என்னக் கூப்பிடுதியா?' என்று மனசுக்குள் வைதாள். அசையவில்லை. மீன் புழுவைத் தின்றுவிட்டுப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து அவள் புழுக் கோப்பதில்லை. வெறும் முள்ளை எறிந்துவிட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பாள்.

முதல் வாரமும் அடுத்த வாரமும் வெறுங்கையோடு திரும்பினாள். சங்கிலிபூதத்தான் சிரித்தான். "ஏட்டி, ஒரு கெண்டக்குஞ்சுகூடவா ஒன்னச் சீண்டல? அதுக்குத் தோட்டத்துக்குப் போனாலாவது பிரயோசனம் உண்டு. அந்தக் கம்பத் துணி காயப்போடக் கட்டிருதேன்" என்றான். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அவன் விளையாட்டாகச் சொன்னதெல்லாம் ஒரு மாதத்தில் நடந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

மூன்றாம் வாரம் பெருமாள்ராஜிடம் போய் நின்றாள். அறுபதை ஒட்டிய ஆள். காற்றடித்த லாரி டியூபில் உட்கார்ந்து கையால் துழாவிக்கொண்டே போய்த் தங்கூசி வலை போடுகிறவர். அவள் தோட்டத்திலிருந்து கொண்டுவந்திருந்த வாழைப்பூவை நீட்டினாள். "அண்ணாச்சி, இத வச்சுக்கிட்டு எனக்கு ரெண்டு மீன் தாரியளா?" அவர் பூவை வாங்கி முகர்ந்து பார்த்தார். வாழைப்பூவுக்கு உயிரை விடுகிற மனுஷன். "நல்ல பூ தாயி" என்றார். மூன்று சிலேபி மீனை எடுத்து ஓலையில் கோத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் அது ஏற்பாடாகிவிட்டது. காலையில் வேரில் ஒரு வாழைப்பூ இருக்கும். கிளம்புகிற நேரத்தில் அந்த இடத்தில் மீன் இருக்கும். எதற்கு என்று அவர் கேட்டதே இல்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே ஆறுமுகத்தாய் அவரை மனசுக்குள் கும்பிட்டுக்கொள்வாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பக்கக்கன்று அறுக்கும்போது அரிவாள் அவள் இடதுகை விரலில் இறங்கிவிட்டது. மறுநாள் கட்டுப்போட்ட கையோடு ஆற்றுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு, மூன்று மீனோடு வந்தாள். வீட்டில் மதினி முத்துராணி வந்திருந்தாள். சங்கிலிபூதத்தானுக்கு மூத்தவள், ஏரலில் கட்டிக் கொடுத்தது. "கையில தண்ணி படக் கூடாது, கொண்டா, நான் அலசுதேன்" என்று சட்டியை இழுத்து வைத்து உட்கார்ந்தாள். இதுதான் வினையாகப் போயிற்று. முத்துராணி பத்து வருஷம் தலையில் மீன்கூடை சுமந்து ஏரல் தெருக்களில் விற்றவள். மீனைப் பார்த்தால் அது எப்போது செத்தது, எப்படிச் செத்தது, சாகும்போது என்ன நினைத்தது வரை சொல்லிவிடுவாள்.

"ஏட்டி ஆறுமுகம், இத எங்கன பிடிச்ச?"

"ஆத்துலதான் மதினி."

"ஆத்துலதான், சரி. எதுல பிடிச்ச?"

"தூண்டில."

முத்துராணி மீனின் வாயை இரண்டு விரலால் விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். அடுத்ததையும் எடுத்து விரித்தாள். மூன்றாவதையும் விரித்தாள்.

"முள்ளு பட்ட வாயா இது? பச்சப்புள்ள வாய் மாரியில்லா இருக்கு. இங்க பாரு, செவுளுக்குப் பின்னால சுத்திலும் செதில் பேந்திருக்கு. கழுத்த வலக்கண்ணி இறுக்குன தடம். இது வல மீனுட்டி. தூண்டி மீனு இல்ல." தம்பியை நோக்கிக் குரலை உயர்த்தினாள். "ஏலே, ஒன் பொண்டாட்டி பிடிச்ச மீன வந்து பாரு."

சங்கிலிபூதத்தான் வந்து பார்த்தான். அவனுக்கு மீன் வாயைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அக்கா முகத்தைப் பற்றித் தெரியும்.

"அங்கன வல போடுதது யாரு?" என்றாள் முத்துராணி.

"பெருமாள்ராஜ் அண்ணாச்சி" என்றாள் ஆறுமுகத்தாய். மறைக்க ஒன்றும் இல்லையே என்றுதான் சொன்னாள். சொன்ன பிறகுதான் அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைக் கவனித்தாள்.

"பொண்டாட்டி செத்தவன்லா அவன்?" என்று முத்துராணி மீனைப் பார்த்துச் சொன்னாள்.

ஆறுமுகத்தாய்க்குக் காது இரண்டும் சுட்டது. "மதினி, வயசுக்குத் தக்கன பேசுங்க. வாழப்பூவக் குடுத்து மீன வாங்குனேன். நான் மீன் பிடிக்கவே இல்ல. கம்ப வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தேன். அம்புட்டுதான்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"மூணு மணி நேரம்? ஒன்றர வருசமா?" முத்துராணி தம்பியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "கேட்டியாலே? இத ஏரல்ல போயிச் சொன்னா எவளாவது நம்புவாளா?"

சங்கிலிபூதத்தான் மெல்ல, வார்த்தையைப் பொறுக்கிப் பொறுக்கிக் கேட்டான். "ஒருத்தி சும்மா உக்காரதுக்காட்டி ஆத்துக்குப் போவா?"

"நீங்க டீக்கட பெஞ்சுல தெனமும் என்னத்தப் பிடிக்கிய?" என்று கேட்டாள் அவள்.

பதில் இல்லாதபோது ஆம்பளை என்ன செய்வானோ அதைச் செய்தான். சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனான். வலை மீனைக் குழம்பு வைத்து மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட்டார்கள். அதில் யாரும் குறை வைக்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் சங்கிலிபூதத்தான் 'ஏட்டி' என்று கூப்பிடவே இல்லை. துண்டைத் தானே தேடினான், தீப்பெட்டியைத் தானே எடுத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஏங்கிய அமைதி வீட்டுக்குள் வந்திருந்தது, ஆனால் அது அவள் கேட்ட அமைதி இல்லை. அவன் வாய்விட்டு ஒன்றும் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பாள். சாப்பிடும்போது ஒரு பார்வை பார்ப்பான். நிமிர்ந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். அதுதான் அவளை அறுத்தது.

புதன்கிழமை திருப்பூரிலிருந்து கலைச்செல்வி போன் செய்தாள். அத்தை முத்துராணி அங்கேயும் ஒலிபரப்பிவிட்டிருந்தாள்.

"எம்மா, ஒண்ணு சொல்லுதேன் கேளு. மீனு கெடைக்கல, வெக்கமா இருந்துச்சு, அதான் வாங்கிட்டு வந்தேன்னு அப்பாட்ட சொல்லிரு. சிரிச்சிட்டு விட்டுருவாவ. முடிஞ்சு போச்சு."

"நான் வெக்கப்படல கலை."

"தெரியும். சொல்லி வையி." பிறகு கேட்டாள். "நீ அங்கன போயி என்னதாம்மா செய்யுத?"

"உக்காந்திருக்கேன்."

கலைச்செல்வி, "மூணு மணி நேரம் யாரும் கூப்பிட மாட்டாங்களா?" என்று கேட்டாள். கேட்ட விதத்தில் ஆறுமுகத்தாய் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அதற்குள் அங்கே குழந்தை வீரிட்டது, பின்னாலேயே யாரோ கலைச்செல்வியை அதட்டிக் கூப்பிட்டார்கள். போன் நின்றுவிட்டது. அப்படி ஒரு பொய்யைச் சொல்லிவிடலாம் என்று புதன்கிழமை காலைவரை ஆறுமுகத்தாய்க்கும் ஒரு யோசனை இருந்தது. அந்தப் போனுக்குப் பிறகு இல்லை.

மறுநாள் தோட்டத்துக்குப் போகிற வழியில் பெருமாள்ராஜ் சைக்கிளை நிறுத்தினார். அவர் காதுக்கும் எட்டியிருந்தது. "நான் வேணா வந்து ஒங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லட்டுமா தாயி?" என்றார்.

"நீங்க சொன்னாத்தான் நெசம்னா, நான் சொன்னது என்ன அண்ணாச்சி?"

அவர் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று சைக்கிளில் ஏறிவிட்டார்.

சனிக்கிழமை சோற்றுத்தட்டின் முன்னால் உட்கார்ந்து சங்கிலிபூதத்தான் தீர்ப்பைச் சொன்னான். ஏரலுக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் இடையில் போனிலேயே எழுதப்பட்ட தீர்ப்பு. "நாளைக்கு நானும் வாரேன். அக்காவும் வாரா. எங்க கண்ணு முன்னால தூண்டி போட்டு ஒரே ஒரு மீன் பிடி. பிடிச்சிட்டா நான் ஒண்ணும் கேக்கல. ஞாயித்துக்கெழம தோறும் போ, வா. எவன் பேசுனாலும் நான் பாத்துக்கிடுதேன். பிடிக்கலேன்னா கம்ப அடுப்புல வச்சிருவேன். ஆத்துப் பக்கம் போகக் கூடாது."

"சரி" என்றாள்.

மீன் பிடிப்பது அவளுக்குப் பெரிய காரியமே இல்லை. ஒன்றரை வருஷம் ஒரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தவள். எந்த நேரம் எந்தப் பக்கம் மீன் மேயும், எந்தச் செடிக்கு அடியில் பெரிசு ஒதுங்கும் என்று பெருமாள்ராஜைவிட அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயடியில் நெளிகிற மண்புழுவாகப் பார்த்துப் பொறுக்கிச் சிரட்டையில் போட்டுக்கொண்டாள். மூன்று பேரும் ஊர்வலமாகப் போனார்கள். முத்துராணி குடையோடு வந்தாள், ஏதோ கொடை பார்க்க வந்தவள் மாதிரி.

மருதமர வேரில் ஆறுமுகத்தாய் உட்கார்ந்தாள். புழுவைக் கோத்து, அமலைச்செடி ஓரமாக எறிந்தாள். சங்கிலிபூதத்தான் பத்தடி தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தான். பத்து நிமிஷம்தான் தாங்கினான்.

"ஏட்டி, தண்ணி பாட்டில் எங்க?"

பாட்டில் அவன் மடியில் இருந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு வந்த முதல் 'ஏட்டி' அது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. முத்துராணி ஏரலில் யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்ற கதையை ஆரம்பித்திருந்தாள். கதை மூன்றாவது வீட்டுக்குப் போனபோது தக்கை மெல்ல ஒரு தடவை தலையாட்டியது.

முத்துராணியின் வாய் பாதியில் நின்றது. சங்கிலிபூதத்தான் பாட்டிலைக் கீழே வைத்தான். தக்கை இன்னொரு தடவை அசைந்தது. அணைக்கட்டில் தண்ணீர் விழுகிற இரைச்சல் தவிர வேறு சத்தம் இல்லை. அக்காவும் தம்பியும் கண் இமைக்காமல் அந்தச் சிவப்புத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பக்கத்தில் அவள் புருஷன் கூப்பிடாமல், கேட்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. இவர்களுக்கும் முடியும் போலிருக்கிறதே என்று நினைத்தாள்.

தக்கை ஒரே முக்காக முங்கியது. கம்பு வளைந்தது.

"இழு!" என்று சங்கிலிபூதத்தான் துள்ளி எழுந்தான். "ஏட்டி, இழுட்டி!"

இழுத்தால் ஜெயித்துவிடலாம். கம்பைச் சுண்டினால் மீன் கரைக்கு வந்து விழும். முத்துராணி வாயைப் பார்ப்பாள், வாய் கிழிந்திருக்கும், பிரச்சினை தீர்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை? அன்றைக்கும் வாயைப் பார்ப்பார்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும். அவளுக்கு அவள் கைமேலேயே ஆத்திரம் வந்தது. வேலையைக் கண்டால் தானாக நீளுகிற கை. இப்போதும் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இழுக்கட்டுமா என்று கேட்டது. கட்டுப்போட்ட விரலைத்தான் முதலில் எடுத்தாள். பிறகு மற்ற விரல்களையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். கம்பு அவள் மடியிலிருந்து சறுக்கிக் கல்லில் தட்டி, தண்ணீருக்குள் போனது.

"ஏ கோட்டிக்காரி!" சங்கிலிபூதத்தான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீர் வரை பாய்ந்தான். கம்பு அவனுக்குப் போக்குக் காட்டிவிட்டு அமலைச்செடியை உரசிக்கொண்டே உள்ளே போயிற்று. அங்கே லாரி டியூபில் வலை எடுத்துக்கொண்டிருந்த பெருமாள்ராஜ் கையை நீட்டிக் கம்பைப் பிடித்தார். நரம்பைச் சுற்றினார். தண்ணீர் கலங்கியது.

"நல்ல கெண்ட தாயி! முக்காக் கிலோ தேறும்" என்று அங்கிருந்தே கத்தினார். அவளோடு அவர் இவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை. கரைக்கு வந்து, கம்பையும் மீனையும் கல்லின்மேல் வைத்தார்.

முத்துராணி குனிந்து வாயை விரித்துப் பார்த்தாள். "முள்ளு பட்டிருக்கு" என்றாள். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

சங்கிலிபூதத்தானின் முகம் ஒரு வாரத்துக்குப் பிறகு வெளிச்சமானது. "பிடிச்சிட்டாள்லா! பாத்தியாக்கா? பிடிச்சிட்டா!" என்றான். பாவம், அவன் இதற்காகத்தான் ஏங்கிக் கிடந்திருக்கிறான். ஒரு மீன் கிடைத்தால் போதும், பெண்டாட்டியைப் பழையபடி 'ஏட்டி' என்று கூப்பிடலாம். அது அவளுக்கும் புரிந்தது. புரிந்தும் அவள் தலையை ஆட்டினாள்.

"நான் பிடிக்கல."

"ஒன் முள்ளுலதான மாட்டியிருக்கு?"

"மாட்டிச்சு. நான் இழுக்கல. வேணும்னுதான் கைய விட்டேன். மீன் பிடிக்கேன்னு ஒன்றர வருசமா பொய் சொன்னேன். அது தப்பு. ஆனா உக்காந்தது தப்பில்ல. இன்னைக்கு இத நான் பிடிச்சேன்னு சொன்னா, சாகுற மட்டும் ஞாயித்துக்கெழம தோறும் கிழிஞ்ச வாயி ஒண்ணக் கொண்டாந்து ஒங்க ரெண்டு பேருக்கும் காட்டிட்டுத்தான் நான் உக்காரணும். மாட்டேன்."

"பொறவு என்னதாட்டி ஒனக்கு வேணும்?" உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான்.

"ஒண்ணும் வேண்டாம். இங்கன உக்காரணும். ஒரு நாளு, மூணு மணி நேரம். எதுக்குன்னு யாரும் கேக்கப்படாது. சந்தேகம்னா நீங்களும் வாங்க, மதினியும் வரட்டும். பேசாம உக்காரணும். இப்ப தக்கையப் பாத்துக்கிட்டு உக்காந்தியள்ளா, அது மாரி."

பெருமாள்ராஜ் டியூபை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போனார். முத்துராணி எதையோ சொல்ல வாயெடுத்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குடையை விரித்தாள். கெண்டை அதற்குள் அவள் பைக்குள் போயிருந்தது.

"கம்ப அடுப்புல வச்சிருங்க" என்றாள் ஆறுமுகத்தாய். "நல்ல மூங்கிலு, நின்னு எரியும்." சொல்லிவிட்டு மறுபடியும் வேரில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கிளம்பிப் போன பிறகும் உட்கார்ந்திருந்தாள். மனசு படபடவென்று அடித்துக்கொண்டது. அன்றைக்குப் பார்க்கத் தக்கை இல்லை, தண்ணீரைப் பார்த்தாள். அடங்குவதற்கு வழக்கத்தைவிட நேரமானது. ஆனால் அடங்கியது.

சங்கிலிபூதத்தான் கம்பை எரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் சோறு வடித்து, குழம்பை இறக்கி வைத்துவிட்டு, முகம் கழுவித் தலைவாரி வாசலுக்கு வந்தபோது, அவன் கம்பைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "சும்மா கையில வச்சுக்கோயேன்" என்று மெதுவாகச் சொன்னான். "யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கல்லா."

அவன் கொடுக்க முடிந்ததை எல்லாம் கொடுக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. மனசு இளகியது. ஆனால் வாங்கவில்லை. "கேக்கட்டும்" என்றாள். "மத்தியானத்துக்குக் கத்தரிக்காப் புளிக்குழம்புதான். மீனு வேணும்னா கடையில வாங்கிக்கோங்க." அவன் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனான்.

ஆற்றுக்குப் போக வேண்டுமென்றால் டீக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். பெஞ்சு நிறைய ஆள். ஆறுமுகத்தாய் இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்தாள். குடம் இல்லை, துணி இல்லை, கம்பு இல்லை. பேச்சு ஒவ்வொரு ஆளாக நின்றது. அவள் புருஷன் டீ டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

மண்டியில் அவனோடு சுமை தூக்குகிற இசக்கிமுருகன்தான் கேட்டான். "என்ன மதினி, தூண்டிய மறந்துட்டியளா?"

"மறக்கல."

"பொறவு ஆத்துக்கு என்னத்துக்கு?"

அவள் நின்றாள். பெஞ்சில் இருந்த அத்தனை பேரையும் ஒரு தடவை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள்.

"உக்காரதுக்கு" என்றாள். "நீங்கள்லாம் எதுக்கு இங்கன இருக்கியளோ, அதுக்குத்தான்."

யாரும் சிரிக்கவில்லை. இசக்கிமுருகன் சங்கிலிபூதத்தானைப் பார்த்தான். எல்லோரும் சங்கிலிபூதத்தானைப் பார்த்தார்கள். அவன் டம்ளரைப் பெஞ்சில் வைத்தான். தொண்டையைச் செருமினான். ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும் என்று அவனுக்கும் தெரிந்தது.

"அவ பன்னண்டு மணிக்கு வந்துருவா வே" என்றான் இசக்கிமுருகனிடம்.

ஆறுமுகத்தாய் அதற்குள் பத்தடி தாண்டியிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"ஒரு மணி ஆகும்."